சிவப்பு முடிச்சு

செத்த எலிதான் என்று முதலில் நினைத்தாள் வஹிதா.

வீட்டுக்குள் அடிக்கிற நாற்றத்துக்கு வேறென்ன நினைப்பது? இரண்டு வாரமாகத் தூறல் விட்டபாடில்லை. தர்மபுரியில் கார்த்திகை இப்படிச் சளி பிடித்த பிள்ளை மாதிரி ஒழுக ஆரம்பித்துவிட்டால் சுவரெல்லாம் ஓதம். ஓதத்துக்குப் பயந்து எலி வீட்டுக்குள் வரும். வந்த எலி எங்கேயாவது மூலையில் கிடந்து சாகும். விடிந்ததிலிருந்து அரிசி டின்னை நகர்த்திப் பார்த்தாள். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் விளக்குமாற்றை விட்டுக் குடைந்தாள். ஒரு கரப்பான்பூச்சிதான் அகப்பட்டது, அதுவும் உயிரோடு.

"எலி செத்திருந்தா இந்நேரம் எறும்பு வந்திருக்கும் பாபி," என்றாள் நசீம் பானு. வஹிதாவின் கணவன் தாவூதுக்கு ஒரே தங்கை. அடுத்த மாதம் நிக்காஹ். கல்யாணப் பெண் என்கிற ஹோதாவில் டிரங்குப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டி, எறும்புக்கு நீதான் சீட்டு எழுதி அனுப்பணும். எறங்கு கீழ. மூங்கிலப் புடி."

மூங்கில் என்ன மூங்கில் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாவூது பஞ்சு கொட்டி மெத்தையும், விரிக்கவும் போர்த்தவும் ஆகிற பஞ்சுப் போர்வையான ரஜாயும் தைத்துக் கொடுப்பவன். இண்டூர் கண்ணம்மாள் கேட்டிருந்தது ஆறரைக்கு ஏழடி ரஜாய். வீடோ பத்துக்கு ஒன்பது. அதற்குள் கட்டில், பெட்டி, அடுப்பு, தண்ணீர்க்குடம், மூன்று உயிர்கள். அத்தனை பெரிய ரஜாயை விரித்தால் அன்றைக்கு வீட்டில் சோறு பொங்க முடியாது, கால் நீட்ட முடியாது, சண்டை போடக்கூட எதிரெதிரே நிற்க முடியாது.

அதற்கு வஹிதா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். உத்திரத்திலிருந்து கயிறு கட்டி இரண்டு மூங்கிலைத் தொங்கவிடுவாள். பஞ்சு வைத்த ரஜாய் முழுவதும் ஒரு மூங்கிலில் பாய் மாதிரி சுருண்டிருக்கும். இரண்டு மூங்கிலுக்கும் நடுவே ஒரு முழம்தான் வெளியே தெரியும். அந்த ஒரு முழத்தைத் தைத்து முடித்ததும் அடுத்த மூங்கிலில் சுருட்டிவிட்டு, இந்தப் பக்கம் இன்னொரு முழம் இறக்குவாள். செலவிலும் அதே சிக்கனம்தான். அடித்துணிக்கு இரண்டு பழைய நூல் சேலை. ஓரத்துக்கு, லுங்கிக் கடையில் மீந்த துண்டுகளை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து ஒட்டுப்போட்ட பட்டி. தெருவில் நாலு பேர் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்துவிட்டுப் போனார்கள். வஹிதாவுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

பஞ்சு மட்டும் கண்ணம்மாளுடையது. இண்டூரில் அவள் காட்டில் விளைந்த பருத்தி. மகள் பாஞ்சாலிக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டும் பனிக்காலத்தில் நெஞ்சுச்சளி கட்டிப் போய்ச் சேர்ந்தன. இப்போது மூன்றாவது பிறந்து பத்து நாள். நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் இண்டூர் வருகிறார்கள். அந்த இரண்டு உயிரும் கதகதப்பாகப் படுக்கத்தான் இந்த ரஜாய். இன்று சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முன்னால் போய்விட வேண்டும் கண்ணம்மாளுக்கு.

பஞ்சு கொடுக்கிறவர்கள் கூடவே உட்கார்ந்து பார்ப்பதுதான் வழக்கம். தன் பஞ்சு தன் துணிக்குள் போகிற வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டார்கள். கண்ணம்மாள் உட்காரவில்லை. "நீ இருக்கச்ச நான் எதுக்கு வஹிதா காவலுக்கு?" என்று கேட்டுவிட்டு ஒரு மாதத்துக்கு முன்னாலேயே மூட்டையை இறக்கி வைத்துப் போனாள்.

ஆனால் பஞ்சு வைத்தபோது வஹிதா இல்லை. போன வாரம் தாய்க்குக் காய்ச்சல் என்று பாலக்கோட்டுக்கு ஓடினாள், நாலு நாள் கழித்துத்தான் திரும்பினாள். வந்தால், ரஜாய் பஞ்சு வைத்து மூங்கிலில் சுருட்டித் தயாராகத் தொங்குகிறது! "ஒனக்கு வேல மிச்சம். தைக்கிறது மட்டும் பாத்துக்க," என்றான் தாவூது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. அவளுக்கு மனசு இளகிப் போயிற்று.

பாதி வரை தைத்தாயிற்று. இன்னும் பத்து வரித் தையல் பாக்கி.

நசீம் மூங்கிலைத் திருப்பினாள். புது முழம் இறங்கியது. கூடவே அந்த நாற்றமும் குப்பென்று இறங்கியது.

வஹிதா கையில் ஊசியோடு அப்படியே நின்றாள். ரஜாயில் முகத்தை வைத்து மோந்தாள். வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"என்னா பாபி?"

"ஒண்ணுமில்ல. புடி நீ."

ஊசியைக் குத்தினாள். ஒரு சாண் போனதும் ஊசி எதிலோ மாட்டிக்கொண்டது. பருத்திக்கொட்டையாக இருக்கும் என்று அழுத்தினாள். போகவில்லை. விரலால் தடவிப் பார்த்தால் சுண்டைக்காய் அளவில் ஏதோ கெட்டியாக உருண்டது. பிளேடை எடுத்துத் துணியை இரண்டு விரல் அகலம் கீறி, உள்ளே விரலை விட்டு இழுத்தாள்.

வந்தது ஒரு முடிச்சு. சிவப்பு நூல் முடிச்சு. மெத்தையில் பஞ்சு ஓடாமலிருக்க மேலிருந்து கீழே குத்தி இறுக்குவார்களே, அந்த முடிச்சு. பிய்த்து எடுத்த மெத்தைத் துணி வட்டமாக அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. துணியின் மடிப்புக்குள் மூன்று மூட்டைப்பூச்சிகள். ஒன்று இன்னும் உயிரோடு நகர்ந்தது.

"ச்சீ!" என்று உதறினாள். பிறகு தானே குனிந்து, குச்சியால் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

முடிச்சு இடதுபக்கமாக மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. தர்மபுரி ஜில்லாவில் மெத்தை தைக்கிற இடதுகைக்காரன் ஒருவன்தான். அவனோடுதான் அவள் குடும்பம் நடத்துகிறாள்.

கீறலை ஒரு முழத்துக்குப் பெரிதாக்கினாள். உள்ளே பஞ்சா அது? சாம்பல் நிறத்தில், கட்டி கட்டியாக, பிசுக்குப் பிடித்து. கொட்டிப் பிரிக்கக்கூட இல்லை, கையாலேயே பிய்த்துப் போட்டிருக்கிறான். சுருட்டிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? ஓரத்தை மட்டும் கவனமாக நல்ல பஞ்சால் நிரப்பியிருந்தான். வாங்குகிறவர்கள் ஓரத்தைத்தானே கிள்ளிப் பார்ப்பார்கள். கட்டிகளுக்கு நடுவே தலைமயிர் சுருள். ஒரு பீடித்துண்டு. அந்த வாடையை இப்போது பிரித்துப் பார்க்க முடிந்தது. காறிப்போன நல்லெண்ணெய், மீன் பொரித்த கவிச்சி, காய்ந்த மூத்திரம்.

ஒகேனக்கல்!

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு லாட்ஜுக்கு தாவூது நாற்பது மெத்தை தைத்துக் கொடுத்தான். இப்போது அந்த லாட்ஜில் ஸ்பாஞ்சு மெத்தை போடுகிறார்கள் என்று அவனே சொல்லியிருந்தான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மீன் தின்றுவிட்டு, குடித்துவிட்டு, எவனெவனோ புரண்ட மெத்தை. அதன் வயிற்றில் இருந்ததைப் பத்து நாள் பிள்ளைக்குக் கீழே விரிப்பதா?

வஹிதா வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கச் சாக்கடைக்கு ஓடினாள். காலையில் குடித்த டீ முழுக்க வெளியே வந்துவிட்டது.

மதிய லுஹர் தொழுகை முடிந்து தாவூது சாப்பிட வந்தான். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கீறிக் கிடந்த ரஜாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

"என்னாங்க இது?" முடிச்சைக் குச்சியால் அவன் முன்னால் தள்ளினாள்.

"சோத்துல கை வைக்கிற நேரத்துல அத எதுக்கு இங்க கொண்டாற?"

"ஒங்க கை போட்ட முடிச்சுதானே? ஒங்களுக்கே கூசுதா?"

"வெயில்ல காயப்போட்டுத்தான் வெச்சேன். காஞ்சா எல்லாம் போயிடும். பழைய பஞ்ச எடுத்துப் போடறது நம்ம தொழில்ல இல்லாததா?"

"எந்த வெயில்லங்க? ரெண்டு வாரமா மழ பேயுது. அவங்கவங்க பழைய பஞ்ச அவங்கவங்களுக்குப் போடறதுதான் தொழிலு. ஊரான் படுத்த பஞ்ச ஊருக்குப் போடறது தொழிலா? பச்சப் புள்ளைக்குங்க! உள்ள மூட்டப்பூச்சி நெளியுது!"

"கத்தாத. பக்கத்து வூட்டுல காது இருக்குது."

அவன் சோற்றைப் பிசைந்தான். அந்தப் பஞ்சைப் பிய்த்த அதே கை. குழம்பை ஊற்றி, உருட்டி, வாயில் போட்டு, விரலைச் சப்பினான். இத்தனை வருஷமாக இந்தக் கையால் ஊட்டிவிட்டால்கூட வாங்கித் தின்றிருக்கிறோமே என்று நினைத்ததும் வஹிதாவுக்கு நாக்கையே வழித்துப் போட வேண்டும் போல இருந்தது.

"சரி, கண்ணம்மாக்கா பஞ்சு எங்க? வித்துட்டீங்களா?"

"விக்கல."

"பின்ன எங்க?"

தாவூதின் கண் ஒரு நொடி டிரங்குப் பெட்டிக்குப் போய்த் திரும்பியது. பெட்டி மேல் உட்கார்ந்திருந்த நசீம் சட்டென்று காலாட்டுவதை நிறுத்தினாள்.

பெட்டிக்குள் நசீமின் கல்யாண ரஜாய் இருந்தது. பச்சை சாட்டின் மேல்துணி. மாப்பிள்ளை வீட்டார் கிருஷ்ணகிரியிலிருந்து கேட்டு அனுப்பியது, டபுள் ரஜாய், பூப்போல வெள்ளைப் பஞ்சு வேண்டும் என்று. வெள்ளிக்கிழமை சீர் பார்க்க வருகிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் அதைத் தைத்தது வேறு யாருமில்லை, வஹிதாவேதான்.

அன்றைக்குக் கேட்டாள். "பஞ்சு ஏதுங்க, இவ்வளவு நல்லாருக்குது?" "சேலம் மில் சரக்கு," என்றான். மில் பஞ்சில் கொட்டைத் துணுக்கு வராது. அவளுக்கா தெரியாது? தைக்கும்போது கறுப்புக் கறுப்பாகப் பத்துப் பதினைந்து துணுக்கை நகத்தால் பொறுக்கி அடுப்பில் போட்டாள். போட்டுவிட்டு மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாத்தனாருக்கு நல்ல ரஜாய் அமைந்ததே, கிளறுவானேன் என்று இருந்துவிட்டாள்.

வஹிதா தன் விரல்களைப் பார்த்தாள். அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நான் இனிமே அதத் தொட மாட்டேன்," என்றாள்.

"நீ தொட வேணாம். நசீம், மூங்கிலப் புடி."

தாவூது கை கழுவிவிட்டு வந்து தானே உட்கார்ந்தான். கீறலை மூடினான். பத்து வரியை அகல அகலத் தையலாக ஓட்டினான். வஹிதா வரிக்கு ஐம்பது குத்து குத்துவாள், அவன் இருபதோடு முடித்தான். லுங்கித் துணிப் பட்டியைச் சுற்றிலும் மடித்து ஓடவிட்டான். மூன்றரை மணிக்கு ரஜாயை மூங்கிலிலிருந்து இறக்கிச் சுருட்டிக் கயிறு கட்டினான். பிறகு அலமாரியிலிருந்து அத்தர் சீசாவை எடுத்துச் சுருணையின் இரண்டு முனையிலும் தாராளமாகத் தெளித்தான்.

நாற்றத்துக்கு மேல் அத்தர். வெறும் நாற்றத்தையாவது தாங்கலாம். வஹிதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் படியில் போய் நின்றாள். நசீம் மூங்கிலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மறுபடியும் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தாள். இப்போது அவள் யாரையும் பார்க்கவில்லை.

நாலு மணிக்குக் கண்ணம்மாள் வந்தாள். தலையில் சாக்குத்துணி, இடுப்பில் ஒரு கூடை.

"அவரக்கா இருக்குது, எடுத்து வையி வஹிதா. மழயில பூவெல்லாம் கொட்டிப் போச்சு, கெடச்சது இதுதான்." மூச்சு வாங்க உட்கார்ந்தாள். "புள்ள நல்லாருக்கான். ரெண்டு கிலோவே இல்லன்னாங்க, இப்ப பால் குடிக்கிறான். நேத்து என் வெரல இறுக்கிப் புடிச்சுக்கிட்டான், வுடவே மாட்டேங்கறான்! தண்ணி குடும்மா ஒரு டம்ளரு."

வஹிதா தண்ணீர் மொண்டு வைத்தாள்.

"ரெடிங்க," என்றான் தாவூது, சிரித்த முகமாக. சுருணையைத் தூக்கி அவள் மடியிலேயே வைத்தான். "ஓரத்தக் கிள்ளிப் பாருங்க. ஒங்க பஞ்சு, ஒரு இழ கூட மாறல."

கண்ணம்மாள் கிள்ளிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கன்னத்தை அதன் மேல் வைத்தாள்.

"அடேங்கப்பா! மணக்குது பாய்! செண்டெல்லாம் போட்டீங்களா என் பேரனுக்கு?" கண்ணை மூடிக்கொண்டாள். "இந்தத் தடவ தங்கிடுவான். எனக்குத் தெரியும்."

அவள் கன்னம் அந்தத் துணியில் தேய்ந்தது. அந்த இடத்துக்கு நாலு விரல் கீழேதான் கீறல்.

"அக்கா, அத கீழ வைங்க," என்றாள் வஹிதா.

"வஹிதா!" என்றான் தாவூது.

"வைங்கக்கா. அது ஒங்களுது இல்ல."

வஹிதா நேராக டிரங்குப் பெட்டியிடம் போய் நின்றாள். நசீம் அசையவில்லை. பெட்டிச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

"பாபி, வெள்ளிக்கெழம அவங்க வராங்க."

"தெரியும்."

"மொதல்ல அதத்தான் எடுத்துக் காட்டச் சொல்லுவாங்க."

"அதுவும் தெரியும். அந்தக் கொழந்தைய நெனச்சுப் பாரு. பாத்துட்டு, குடுக்கறதுன்னா குடு. புடுங்க மாட்டேன்."

நசீம் கீழே கிடந்த சுருணையைப் பார்த்தாள். அத்தர் ஊறிய இடத்திலிருந்து ஒரு மூட்டைப்பூச்சி மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. பெட்டியை விட்டு இறங்கினாள். கயிற்றைத் தலைவழியாகக் கழற்றிச் சாவியைத் தரையில் எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வஹிதா பச்சை ரஜாயைக் கொண்டுவந்து வைத்தாள். கண்ணம்மாள் ஒன்றும் புரியாமல் அதைத் தொட்டாள். காட்டில் புழங்கிய கை, துணிக்கு மேலேயே கண்டுபிடித்துவிட்டது. ஒரு இடத்தில் கட்டைவிரல் நின்றது, அழுத்தியது. உள்ளே கொட்டைத் துணுக்கு ஒன்று நெருடியது.

"இது எங்க காட்டுப் பருத்தி." நிமிர்ந்தாள். "அப்ப அதுல என்னா இருக்குது?"

தாவூது தொண்டையைக் கனைத்தான். வஹிதா அவனுக்கு இடம் கொடுக்கவில்லை.

"லாட்ஜு மெத்த பஞ்சுக்கா. ஒகேனக்கல்லுல தூக்கிப் போட்டது. இவரு வெச்சாரு. ஒங்க பஞ்சுல எங்க பொண்ணுக்குத் தெச்சோம். அதத் தெச்சது நான். எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான். கேக்காம வுட்டுட்டேன்."

கண்ணம்மாள் முந்தானையை எடுத்துத் தன் கன்னத்தைத் துடைத்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மறுபடியும். தோல் சிவந்துவிட்டது, அப்போதும் துடைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட அவள் நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது வஹிதாவுக்கு.

கண்ணம்மாள் பச்சை ரஜாயைச் சாக்குத்துணியில் சுற்றினாள். தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கூடையையும் எடுத்துக்கொண்டாள், அவரைக்காயோடு. வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"நான் ஒக்காந்திருக்கணும் வஹிதா," என்றாள். "காவலுக்கு."

போய்விட்டாள். அவள் கேட்ட தண்ணீர் ஒரு வாய்கூடக் குறையாமல் டம்ளரிலேயே இருந்தது.

வீட்டுக்குள் மூன்று பேர். தாவூதுதான் முதலில் வாயைத் திறந்தான். "ஆச்சா? திருப்தியா? என் தங்கச்சிக்கு வெள்ளிக்கெழம எதக் காட்டுவ?"

வஹிதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுருணையை விளக்குமாற்றாலேயே வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதைக் கையால் தொட அவளால் முடியவில்லை.

பதில் வந்தது சுவர்ப்பக்கமிருந்து.

"அண்ணே." நசீம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது. "லாட்ஜுலேர்ந்து எத்தன மெத்த கொண்டாந்தீங்க?"

"எதுக்கு இப்ப?"

"நாலுன்னு சொன்னீங்க அன்னிக்கு. வண்டிக்காரன் நாலு தூக்கிப் போட்டான்னு. இந்த ரஜாய்க்கு மூணே அதிகம். மிச்சம் எங்க?"

தாவூது ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தான்.

"நிச்சயத்துக்கு மறுநாளு கிருஷ்ணகிரிக்கு ஒரு ஜோடி தலகாணி அனுப்புனீங்களே, மாப்பிள்ளைக்குன்னு. நான் ராப்பகலா ஒக்காந்து ஒறையில பூப்போட்டுக் குடுத்தேனே." "அதுக்குள்ள என்னா வெச்சீங்க அண்ணே?"

தாவூது தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல், வாசலில் கிடந்த சுருணையைத் தாண்டி வெளியே நடந்தான்.